ஒத்திகையற்ற ஆட்டம்: கூத்தும் மனோதர்மமும் குறித்துச் சில எண்ணங்கள்

நடனத்தில் மனோதர்மம் என்று பேச்செடுத்தாலே நம் சூழலில் உரையாடல் இரண்டு திசைகளில் மட்டும் நகர்வதைக் காண்கிறேன். ஒன்று, பாலசரஸ்வதியின் பெயரைச் சொல்லி, அது போன காலம் என்று பெருமூச்சு விட்டு முடிந்துவிடுவது. மற்றொன்று, மேற்கத்திய நவீன நடனத்திலிருந்து 'இம்ப்ரவைசேஷன்' என்ற சொல்லைப் பெற்றுக்கொண்டு, பெருநகரப் பயிலரங்குகளில் அதை ஒரு புதிய கண்டுபிடிப்பாக அறிமுகம் செய்வது. இவ்விரண்டுக்கும் இடையில், சேலம் நாமக்கல் சமவெளியில் பண்டிகைக் காலங்களில் இரவு பத்து மணிக்கு மேல் அரிதாரம் பூசிக்கொண்டு, முன்னேற்பாடான ஒத்திகை எதுவுமின்றி விடியும்வரை ஆடிப் பாடும் கூத்துக்காரர் யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. அவரை 'மரபுக் கலைஞர்' என்று அழைக்கிறோம். மரபு என்றால் மாறாதது என்றும், மாறாதது என்றால் படைப்பூக்கம் அற்றது என்றும் ஒரு கணக்கு நம் மனதில் ஓடுகிறது. அதனால் அவரைப் பாதுகாக்க வேண்டியவராகவே பார்க்கிறோம். அவரிடம் கற்றுக்கொள்ள ஏதேனும் இருக்கக்கூடும் என்று எண்ணுவதில்லை.

இந்தக் கணக்கு தவறு என்பதே என் தரப்பு. தமிழ்நாட்டில் ஆட்டத்தை அந்தக் கணத்தில் உருவாக்கும் திறன் இன்றும் அன்றாடத் தொழிலாக எஞ்சியிருக்கும் இடங்களில் முக்கியமானது கூத்துக்களம். அதைப் பாதுகாக்கிறோம் என்ற பெயரில் நாம் செய்துவரும் பல காரியங்கள் அந்தத் திறனைத்தான் முதலில் அழிக்கின்றன. இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

*

பனமரத்துப்பட்டி சேலம் நகருக்குத் தெற்கே, ஜருகுமலையை ஒட்டிய ஊர். சேலத்துக்குக் குடிநீர் தருவதற்காக 1911ல் கட்டப்பட்ட ஏரியால் ஒருகாலத்தில் அறியப்பட்டது. இன்று அரளித் தோட்டங்களால் அறியப்படுகிறது. இதைச் சுற்றியுள்ள ஊர்களிலும், மல்லூரைத் தாண்டி ராசிபுரம் செல்லும் வழியிலுள்ள ஊர்களிலும் மாரியம்மன் பண்டிகைக்குக் கூத்து வைப்பது நெடுநாள் வழக்கம்.

இங்கே இரண்டு வகைக் கூத்துகள் உண்டு. ஊர்க்காரர்களே ஒரு வாத்தியாரை அமர்த்தி, மாதக்கணக்கில் பழகி, ஆண்டுக்கொருமுறை ஆடுவது முதல் வகை. இதில் நோட்டுப் புத்தகம்தான் வேதம். இரணியன் வேஷம் கட்டுபவர் ஒரு அடி மறந்தால் வாத்தியார் பின்னாலிருந்து எடுத்துக்கொடுப்பார். எடுத்துக்கொடுக்கும்வரை இரணியன் நின்றுகொண்டிருப்பான். தாம்பூலம் வாங்கிக்கொண்டு வரும் தொழில்முறை ஜமா இரண்டாவது வகை. இவர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து மாலையில் வந்து சேர்பவர்கள். முந்தின இரவு வேறொரு ஊரில் வேறொரு நாடகம் ஆடியிருப்பார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது.

கவனிக்கவேண்டிய முரண் இது. ஒத்திகை தேவைப்படுபவர் அமெச்சூர். தொழில்காரருக்கு அது தேவையில்லை. நவீன மேடைக்குப் பழகிய நாம் இதைத் தலைகீழாகவே எதிர்பார்ப்போம்.

ஒத்திகை இல்லாமல் எப்படி ஆட முடிகிறது? அன்றைய நாடகம் கர்ண மோட்சம் என்று வைத்துக்கொள்வோம். பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் கர்ணன், மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். கதை எல்லோருக்கும் தெரியும். அவன் திரும்பப் போவதில்லை என்பது முன்வரிசையில் அரைத்தூக்கத்தில் இருக்கும் சிறுவனுக்கும் தெரியும். கர்ணனாக ஆடுபவரிடம் இருப்பவை என்ன? இன்ன ராகத்தில் இன்ன விருத்தம், அதன்பின் இன்ன தரு, அதற்குரிய வசனம், தாளத்துக்குரிய அடவுகள், சுழன்றாடும் கிறிக்கி, முத்தாய்ப்பு. இவை கையிருப்பு. எதை எவ்வளவு செலவழிப்பது என்பது மட்டும் முன்கூட்டி முடிவுசெய்யப்பட்டிருக்காது.

திரைக்குப் பின்னால் நின்று முதல் விருத்தத்தை எடுக்கும்போதே அவர் சபையை அளக்கத் தொடங்கிவிடுகிறார். திரைக்குக் கீழே அசையும் சலங்கைக் காலை மிருதங்கக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு என்ன காலப்பிரமாணம் என்பதை அந்தக் கால்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். திரை விலகியபின் எத்தனை சுற்று, எந்த இடத்தில் கிறிக்கி, எப்போது தீர்மானம் என்பதெல்லாம் தோளின் ஒரு சாய்விலும் குதிகால் ஒருமுறை அழுந்துவதிலும் பரிமாறிக்கொள்ளப்படுகிறது. முகவீணை அவர் விட்ட இடத்தை நிரப்புகிறது. பின்பாட்டுக்காரர்கள் அவர் மூச்சு வாங்கிக்கொள்ள இடம் தருகிறார்கள். பொன்னுருவியாக வேஷம் கட்டியிருக்கும் ஆண், கர்ணன் எதிர்பாராத கேள்வியொன்றைத் தூக்கிப் போடுகிறார். அதற்கு ராகம் பிசகாமல், தாளம் தவறாமல், கதையின் எல்லையை மீறாமல் கர்ணன் பதில் சொல்லியாக வேண்டும். பதிலில் சூடு குறைந்தால் கோமாளி உள்ளே புகுந்து, பொன்னுருவியின் கோபத்தை உள்ளூர்ப் பேச்சில் பெயர்த்து, ரேஷன் கடை வரிசையையோ வற்றிப்போன ஆழ்துளைக் கிணற்றையோ அதில் கோத்துவிடுகிறான். யாரோ ஐம்பது ரூபாய் கொடுத்ததற்கு ஆட்டத்தை நிறுத்திப் பெயர் சொல்லி வாழ்த்தவேண்டியிருக்கிறது. வாழ்த்து முடிந்ததும் விட்ட இடத்திலேயே சோகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சபையும் இந்த ஆட்டத்தை அமைக்கிறது. விடிவதற்குள் அரளி மொட்டுப் பறிக்கப் போகவேண்டிய பெண்கள் எழுந்துபோகும் நேரம் எது என்பது இப்பக்கத்துக் கூத்துக்காரருக்குத் தெரியும். பிரிவுக் காட்சியை அதற்குமுன் அவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் கண்கலங்கி அமர்ந்திருந்தால் அக்காட்சி நீளும். சலசலப்பு எழுந்தால் போர்க்களம் விரைந்து வரும். கர்ணன் சாவான் என்பது எல்லோருக்கும் தெரியும். அவன் வீட்டைவிட்டு எத்தனை முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போவான் என்பது, ஆடுபவர் உட்பட, யாருக்கும் தெரியாது.

நடன அமைப்பு என்று எதைச் சொல்கிறோமோ அது இங்கே முழுமையாக நடக்கிறது. எந்த அசைவு, எந்த வரிசை, எவ்வளவு நேரம், எந்த இடத்தில் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை காணப்படுகிறது. அந்த விடை மூன்று மாதத்துக்கு முன் ஓர் அறைக்குள் கண்டடையப்பட்டதல்ல என்பதே வேறுபாடு. ஹன்னே டி ப்ரூயின் காஞ்சிபுரம் பகுதிக் கட்டைக்கூத்தை ஆராய்ந்து 1999ல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே 'நெகிழ்வு' என்ற பொருள்படும் சொல்லை வைத்தார். கள ஆய்வில் அவர் கண்ட அடிப்படைக் குணம் அது. நம் பாடநூல்கள் கூத்தை விவரிக்கும்போது 'தொன்மை' என்ற சொல்லையே தேடி எடுக்கின்றன.

*

'கோரியோகிராபி' என்ற சொல்லின் கிரேக்க வேரில் 'எழுதுதல்' இருக்கிறது. ஆட்டத்தை எழுதிவைத்தல். எழுதுபவர் ஒருவர், ஆடுபவர் இன்னொருவர், எழுதி முடித்தபின் ஆட்டம் என்ற வரிசை அச்சொல்லுக்குள்ளேயே உறைந்திருக்கிறது. தமிழில் இதற்கு நேரான பழைய சொல் எனக்குத் தட்டுப்படவில்லை. நம்மிடம் இருப்பவை ஆடலாசான், நட்டுவனார், வாத்தியார் போன்ற சொற்கள். இவர்கள் அனைவரும் ஆட்டம் நடக்கும்போது களத்தில் இருப்பவர்கள். நட்டுவனார் தாளத்தோடு ஆடுபவருக்குப் பின்னால் நின்று, அவர் முன்னே நகர்ந்தால் தானும் நகர்ந்து, பின்னே வந்தால் தானும் பின்வாங்கிய காலம் ஒன்று இருந்தது. மேடையின் ஒரு பக்கத்தில் பக்கவாத்தியக்காரர்கள் அமரும் ஏற்பாடு இருபதாம் நூற்றாண்டில் வந்தது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை இந்தக் கோணத்தில் மீண்டும் வாசிக்கலாம். மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று அளவுகள் வரையறுக்கப்படுகின்றன. ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவருக்குமான தகுதிகள் நீண்ட பட்டியலாக வருகின்றன. இலக்கண இறுக்கத்துக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் தண்ணுமையோனின் தகுதியாக இளங்கோ சொல்வதை உரையாசிரியர் வழிநின்று பாருங்கள். மற்றக் கருவிகளில் குறை நேர்ந்தால் அதை நிரப்பவும், மிகை நேர்ந்தால் அடக்கவும் தெரிந்தவனாக அவன் இருக்க வேண்டும். எல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட ஆட்டத்தில் குறைக்கும் மிகைக்கும் இடமேது? குறையும் மிகையும் எங்கே வரும் என்று அறியாத ஒரு நிகழ்வை எதிர்நோக்கியே அந்தத் தகுதி விதிக்கப்பட்டிருக்கிறது. விதிகளின் பட்டியலுக்கு நடுவில், விதிக்குள் அடங்காத கணத்துக்கு ஓர் ஆளை அமர்த்தியிருக்கிறது காப்பியம். கர்ணனின் சலங்கைக் காலைப் பார்த்துக்கொண்டிருக்கும் மிருதங்கக்காரர் இன்றும் அந்தப் பணியில்தான் இருக்கிறார்.

*

சதிராட்ட மரபிலும் இதே நிலைமைதான் இருந்தது. பாலசரஸ்வதி (1918–1984) அதன் கடைசிப் பெரும் சாட்சி. வீணை தனம்மாளின் பேத்தி. ஏழு வயதில் 1925ல் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். கந்தப்பப் பிள்ளையிடம் ஆட்டமும், கௌரி அம்மாள், சின்னய்யா நாயுடு போன்றோரிடம் அபிநயமும் கற்றவர். தாயார் ஜெயம்மாள் பாட, அந்தப் பாட்டின் போக்குக்கு ஏற்ப ஒரே வரிக்குப் புதிது புதிதாகச் சஞ்சாரிகளை விரித்தவர். மகளின் முகத்தைப் பார்த்துத் தாய் சங்கதியை மாற்றுவதும், சங்கதியைக் கேட்டு மகள் பாவத்தை மாற்றுவதுமாக ஒரு வரி வளர்ந்துகொண்டே போகும். 1976ல் சத்யஜித் ராய் எடுத்த ஆவணப்படத்தில் அவர் கடற்கரையில் ஆடும் பகுதி பதிவாகியுள்ளது. காற்று சேலையை இழுத்துக்கொண்டிருக்கும்போதும் முகத்தில் நிகழ்வது கலைவதில்லை.

அவரது பின்புலத்தை மறந்துவிட்டு அவரை ஒரு தனிமேதையாகக் கொண்டாடுவது நமக்கு வசதியாக இருக்கிறது. குழந்தைப் பருவம் முதல் இசைக்குள்ளேயே வளர்வது, பாட்டின் சொல்லையும் ராகத்தையும் தானே பாடி அறிந்திருப்பது, கூடவே இருக்கும் நிரந்தரக் குழு, அவசரப்படாத சபை ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் அந்த மனோதர்மம் சாத்தியம். இவற்றில் பெரும்பகுதியை ஒரு சமூகம் பரம்பரையாகச் சுமந்தது. அந்தச் சமூகத்தின் பெண்கள் மீதான இழிவு நீங்கவேண்டியதே. 1947ல் வந்த சட்டத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சமூகம் மேடையிலிருந்து விலக்கப்பட்டபோது அதன் பயிற்றுமுறையும் உடன் விலகியது.

அதன் இடத்தில் வந்தது வகுப்பறை. 1936ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கியபின் அடவுகள் ஒழுங்குபடுத்தப்பட்டன. பலர் ஒன்றாகக் கற்கும் இடத்தில் ஒழுங்கு தவிர்க்க முடியாதது. 1944ன் குற்றாலக் குறவஞ்சி முதலான நாட்டிய நாடகங்களில் பலர் ஒரே மேடையில் ஆடினார்கள். அங்கே எழுதிவைத்த அமைப்பு இல்லாமல் முடியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. குழு நடன அமைப்பும் ஒரு பெரும் படைப்புச் செயலே. ஆனால் குழுவுக்குத் தேவையான ஒழுங்கு தனி நடனத்துக்குள்ளும் புகுந்து தங்கிவிட்டது. இன்று பல அரங்கேற்றங்களில் வர்ணத்தின் சஞ்சாரி என்பது ஆசிரியர் அமைத்து, மாணவி மனனம் செய்து ஒப்பிப்பது. மலரைப் பறிப்பது, தொடுப்பது, சூடுவது, வண்டு வருவது எல்லாம் எண்ணிவைத்த மாத்திரையில் வந்துபோகும். பதிவுசெய்த இசைக்கு ஆடும்போது அந்த மாத்திரையை ஒரு கணம்கூட நீட்டவும் முடியாது. பேழைக்குள்ளிருக்கும் பாடகர் ஆடுபவரின் முகத்தைப் பார்ப்பதில்லை.

*

மேற்கில் இதே சிக்கலை அவர்கள் வேறு வழியில் சந்தித்தார்கள். பாலே மரபில் ஆட்டம் இம்மியளவும் பிசகாமல் வரையறுக்கப்பட்டிருந்தது. அதை உடைக்க விரும்பிய மெர்ஸ் கன்னிங்ஹாம் 1951ல் 'பதினாறு நடனங்கள்' என்ற ஆக்கத்திலிருந்து, அடுத்து எந்த அசைவு என்பதை நாணயம் சுண்டிப்போட்டுத் தீர்மானிக்கும் முறையைப் பயன்படுத்தத் தொடங்கினார். தன் பழக்கத்திலிருந்து தன்னையே விடுவித்துக்கொள்வது அவர் நோக்கம். ஆனால் தற்செயலால் அமைந்த வரிசையை அவரது நடனக்காரர்கள் துல்லியமாகப் பயின்றே ஆடினார்கள். தற்செயல் அறைக்குள் நிகழ்ந்தது, மேடையில் அல்ல. அவரது குழுவில் ஆடிய ஸ்டீவ் பாக்ஸ்டன் அதற்கடுத்த அடியை எடுத்தார். இரண்டு உடல்கள் எடையை ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து, விழுந்து, ஏந்தி, அந்தக் கணத்திலேயே அசைவைக் கண்டடையும் 'கான்டாக்ட் இம்ப்ரவைசேஷன்' 1972ல் அவரிடமிருந்து பிறந்தது. ஜெர்மனியின் பினா பௌஷ் நடனக்காரர்களிடம் கேள்விகள் கேட்டு, அவர்கள் உடலாலும் சொல்லாலும் தரும் பதில்களிலிருந்து தன் ஆக்கங்களைத் தொகுத்தார்.

சென்னையில் சந்திரலேகா 1985ல் 'அங்கிகா'வில் பரதத்தையும் களரிப்பயிற்றையும் யோகத்தையும் அருகருகே வைத்து, அலங்காரத்துக்கு அடியில் இருக்கும் உடலை நமக்குக் காட்டினார். அவருடைய ஆக்கங்கள் கறாராக அமைக்கப்பட்டவை. படைப்பூக்கம் மிக்க நடன அமைப்புக்கும் மேடையில் நிகழும் மனோதர்மத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவரை முன்வைத்து விளங்கிக்கொள்ளலாம். இரண்டும் மதிப்புடையவை. முதலாவதற்கு நம்மிடம் அரங்குகளும் நிதியும் விமர்சகர்களும் ஓரளவேனும் உண்டு. இரண்டாவதற்கு இருந்த இடம்தான் சுருங்கிக்கொண்டே போகிறது.

இந்த முயற்சிகளோடு கூத்தை ஒப்பிடும்போது ஒன்று துலங்குகிறது. பாக்ஸ்டனின் நடனக்காரருக்குக் கதை இல்லை, தாளக்கட்டு இல்லை. உடலும் புவியீர்ப்பும் மட்டுமே அவருக்குரிய விதிகள். கூத்துக்காரருக்கோ கதை, ராகம், தாளம், அடவு, வேஷத்தின் இயல்பு, சபை நாகரிகம் என்று ஆறேழு கட்டுகள் உள்ளன. இத்தனை கட்டுகளுக்கு நடுவே முடிவெடுப்பது குறைந்த சுதந்திரம் போலத் தெரியும். ஆனால் அப்படி எடுக்கப்படும் முடிவை அரளி பறிக்கப் போகும் பெண்ணும் மதிப்பிட முடிகிறது. ஏனெனில் விதி அவளுக்கும் தெரியும். சென்ற ஆண்டு வந்த கர்ணனையும் இந்த ஆண்டு வந்த கர்ணனையும் அவள் ஒப்பிட்டுப் பேசுவாள். நவீன நடனத்தின் மனோதர்மத்தைப் பெரும்பாலும் சக நடனக்காரர்களே மதிப்பிடுகிறார்கள். கூத்தின் மனோதர்மத்துக்கு ஊரே விமர்சகர்.

1977ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி இதை உணர்ந்திருந்தார். கூத்தை நவீன நாடகத்துக்கான ஒரு கருவூலமாக அவர் பார்த்தார். அவர் வழிவந்த நடிகர்களின் பயிற்சியில் கணத்தில் உருவாக்கிக்கொள்ளும் திறனுக்கு முக்கிய இடம் இருந்தது. அந்தப் பாதையில் வந்தவர்களைத் தமிழ் சினிமா நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. ஊற்றாக இருந்த கூத்துக்களத்துக்கு அதனால் என்ன திரும்பி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

*

இனி நிகழ்காலத்துக்கு வருகிறேன். கூத்தின் மனோதர்மம் மூன்று நிபந்தனைகளின் மேல் நிற்கிறது என்பது மேலே சொன்னவற்றிலிருந்து தெளிவாகும். நீண்ட இரவு, உடனிருக்கும் வாத்தியம், கதை அறிந்த சபை. நாம் கூத்துக்கு அளிக்கும் ஆதரவு இவற்றில் எதைக் காக்கிறது?

2007ல் தொடங்கிய சென்னை சங்கமம் நாட்டார் கலைஞர்களை நகரப் பூங்காக்களுக்கு அழைத்துவந்தது. இடையில் நின்றுபோய், 2023ல் 'நம்ம ஊரு திருவிழா' என்ற பெயரோடு மீண்டும் தொடங்கியது. கலைஞர்களுக்கு மரியாதையும் ஊதியமும் கிடைத்தன. அதை வரவேற்கவே செய்கிறேன். ஆனால் இத்தகைய மேடைகளில் ஒவ்வொரு குழுவுக்கும் கிடைப்பது சொற்ப நேரம். அந்த நேரத்தில் கர்ணன் என்ன செய்வான்? பொன்னுருவியிடம் விடைபெற அவனுக்கு அவகாசமில்லை. கண்ணைக் கவரும் கிறிக்கி, ஓங்கிய குரலில் ஒரு தரு, கும்பிடு. இதையே ஊர் ஊராகப் போய் அதே வரிசையில் செய்தால் போதும். மெல்ல மெல்ல அந்தப் பத்து நிமிடமே 'கூத்து' ஆகிவிடுகிறது.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடந்துவரும் கலைத் திருவிழாவால் கிராமத்துப் பிள்ளைகள் பறையையும் கரகத்தையும் கையில் எடுக்கிறார்கள். இதுவும் நல்லதே. ஆனால் போட்டி என்றால் நிமிடக் கணக்கும் மதிப்பெண்ணும் உண்டு. எங்கே சறுக்கலாம் என்று தெரியாத ஆட்டத்தை ஆட எந்தப் பிள்ளை துணியும்? சறுக்காமல் இருக்க ஒரே வழி மனனம். போட்டியில் வெல்லும் பிள்ளை கரகத்தைக் கீழே போடாமல் ஆடக் கற்கிறது. கரகம் நழுவப்போகும் கணத்தை ஆட்டமாக மாற்றக் கற்பதில்லை.

ஊர்ப்புறத்திலோ, கூத்து நடந்த இடத்தை ஆடல் பாடல் நிகழ்ச்சிகள் பெருமளவு பிடித்துக்கொண்டுவிட்டன. ஒலிபெருக்கியில் திரைப்பாடல் ஓட, திரையில் பார்த்த அசைவுகள் அப்படியே மேடையில் நிகழ்த்தப்படுகின்றன. இதை ஒழுக்கப் பிரச்சினையாக மட்டுமே பேசுகிறோம். எனக்கு உறுத்துவது வேறு. அந்த மேடையில் ஆடும் இளைஞரிடம் திறமை இல்லாமலில்லை. நான்கு நிமிடப் பாட்டு நான்கு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது என்பதால் அவர் எதையும் தீர்மானிக்க வேண்டியிருப்பதில்லை. சபை சிரித்தாலும் அழுதாலும் எழுந்துபோனாலும் பாட்டு தன்பாட்டுக்கு ஓடுகிறது. நகரத்து அரங்கில் பதிவிசைக்கு ஆடும் பரதக் கலைஞருக்கும் இவருக்கும் இந்த ஒரு விஷயத்தில் வேறுபாடு இல்லை. இவர்கள் ஒரே நோயின் இரு நோயாளிகள் என்று சொன்னால் இரு தரப்பும் என்மேல் கோபப்படக்கூடும்.

*

மறுப்புகளையும் பார்க்க வேண்டும்.

கூத்தில் நடப்பதெல்லாம் மனோதர்மமா, அடித்துத் தேய்ந்த வாய்பாடுகள்தானே என்று கேட்கலாம். பாதி உண்மை. பல இரவுகளில் கோமாளியின் நகைச்சுவை புளித்ததாகவும் சில சமயம் பெண்களை இழிவுசெய்வதாகவும் இருக்கிறது. களைத்த கலைஞர் பழைய சரக்கையே அவிழ்க்கிறார். ஆனால் வாய்பாடு இல்லாமல் மனோதர்மம் இல்லை. கச்சேரியில் ராகம் பாடுபவரும் பிடிகளின் கையிருப்பிலிருந்துதான் தொடங்குகிறார். ஏதோ ஓர் இரவில் அந்தப் பிடி அவரை அறியாத இடத்துக்குக் கொண்டுபோகிறது. அந்த ஓர் இரவுக்காக மற்ற இரவுகளைப் பொறுத்துக்கொள்வதுதான் ரசனை. சங்கீதத்துக்கு இந்தச் சலுகையைத் தரும் நாம் கூத்துக்குத் தருவதில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. விடிய விடிய ஆடுவது உடலை முறிக்கும் உழைப்பு. கூலி குறைவு. வெளியிலிருந்து பார்ப்பவன் 'முழு இரவு வேண்டும்' என்று கேட்பது அடுத்தவர் தூக்கத்தில் கட்டும் கோபுரம். இதை நான் மறுக்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் ஆடி, நல்ல ஊதியம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக விரும்பும் கலைஞரின் உரிமையில் தலையிட நமக்கு இடமில்லை. ஆனால் நேரத்தைக் குறைப்பதும், முடிவெடுக்கும் உரிமையைப் பறிப்பதும் ஒன்றல்ல. இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு காட்சியை, கர்ணன் வீட்டைவிட்டுக் கிளம்பும் அந்த ஒன்றை மட்டும், முழு அவகாசத்தோடு ஆடச் சொல்லலாம். பத்துக் காட்சிகளின் மாதிரித் துண்டுகளைக் கேட்பவர் நாம்தான்.

மூன்றாவதாக, கூத்துப் பிரதிகளைத் தொகுத்து அச்சிடுவது, ஒளிப்பதிவு செய்வது பற்றி. இவை செய்யப்பட வேண்டியவை. சேலம் மாவட்டத்திலேயே 'மணல்வீடு' இதழை நடத்திவரும் மு. ஹரிகிருஷ்ணன், கூத்துக் கலைஞர்களோடு சேர்ந்து செயல்படுவது சிற்றிதழ் வாசகர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் ஒரு பதிவு என்பது ஓர் இரவின் சாட்சி மட்டுமே என்ற எச்சரிக்கை நமக்கு வேண்டும். வலைத்தளத்தில் கிடைக்கும் ஒளிப்பதிவைப் பார்த்து அடுத்த தலைமுறை அதை அசைவுக்கு அசைவு நகலெடுக்கத் தொடங்கினால், நோட்டுப் புத்தகத்துக்குப் பதில் கைப்பேசி வந்திருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

பயிற்றுவிக்கவே முடியாதா என்றால், முடியும். பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் முன்னின்று நடத்திய கட்டைக்கூத்துச் சங்கம், 2002 முதல் 2020 வரை காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் ஒரு குருகுலத்தை நடத்தியது. சிறுவர் சிறுமியர் பள்ளிப் படிப்போடு கூத்தையும் கற்றார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கலையில் பெண்பிள்ளைகள் வேஷம் கட்டினார்கள். முழு இரவுக் கூத்துகளையும் புதிதாக எழுதப்பட்ட சிறிய நாடகங்களையும் இரண்டையும் ஆடினார்கள். மரபை அப்படியே உறையவைக்காமல், அதன் ஆக்கும் முறையைக் கைமாற்ற முடியும் என்பதற்கு அது சான்று. அது மூடப்பட்டுவிட்டது என்பது நம் முன்னுரிமைகளைப் பற்றிய சான்று.

*

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்குச் சில நடைமுறை யோசனைகள் உண்டு. அரசும் அமைப்புகளும் விழா எடுக்கும்போது இருபது குழுக்களுக்குத் தலா பத்து நிமிடம் என்ற கணக்கைக் கைவிட்டு, ஒரே ஒரு குழுவுக்கேனும் ஒரு முழுப்பொழுதை, அதற்குரிய ஊதியத்தோடு தரலாம். பள்ளிப் போட்டிகளில் ஒரு பகுதியையாவது, தாளமும் கதைச்சூழலும் மேடையில் அறிவிக்கப்பட்டு அந்தக் கணத்தில் ஆடுவதாக வைக்கலாம். சறுக்குவதற்கு மதிப்பெண் குறைக்காமல், சறுக்கியபின் எழுந்ததற்கு மதிப்பெண் தரலாம். சபாக்கள் பதிவிசையைத் தவிர்க்கும் செலவில் ஒரு பங்கை ஏற்கலாம். பரத ஆசிரியர்கள் ஒரு வர்ணத்தில் ஒரே ஒரு வரியையாவது அமைக்காமல் விட்டுவைக்கலாம். அந்த வரியில் மாணவி தடுமாறட்டும். தடுமாறிய இடத்தில் பாடகர் அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் பாடகரைக் கேட்பாள். ஜெயம்மாளுக்கும் பாலசரஸ்வதிக்கும் இடையே நிகழ்ந்தது அங்கே மீண்டும் தொடங்க வாய்ப்பிருக்கிறது.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கும் ஒரு பங்குண்டு. கூத்தைப் பற்றி எழுதும்போது 'அழிந்துவரும்' என்ற அடைமொழியோடு தொடங்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஒரு குறிப்பிட்ட இரவில் ஒரு குறிப்பிட்ட கலைஞர் என்ன முடிவெடுத்தார், ஏன் அது சிறந்தது அல்லது சறுக்கியது என்று எழுதலாம். ஒரு கவிதையை அப்படித்தானே வாசிக்கிறோம்? இரங்கலைவிட விமர்சனம் ஒரு கலைக்குச் செய்யும் பெரிய மரியாதை. அதற்கு முதலில் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்தவர் அடுத்த ஆண்டும் போகவேண்டும். ஒரு கர்ணனைப் பார்த்தால் கதை தெரியும். இரண்டு கர்ணன்களைப் பார்த்தால்தான் ஆட்டம் தெரியும்.